பானெட்டில் கை வைத்துப் பார்த்தல்

"நாங்க வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று
முந்தின ராத்திரியே சொல்லியிருந்தேன்.
காலை ஒன்பது மணி. விருதம்பட்டு.
பானெட்டில் உள்ளங்கையை வைத்தேன்.
சுட்டது.
எஞ்சின் சூடா வெயில் சூடா,
வேலூரில் சித்திரை மாதம்
யாரால் சொல்ல முடியும்.

நாலு பேர் போயிருந்தோம்.
ராணிப்பேட்டை ஷூ கம்பெனியில்
ஒரே லைன், ஒரே ஷிப்ட்.
கம்பெனி வேன் நின்று ஏழு வாரம்.
ஆளுக்கு நாற்பத்தைந்தாயிரம்:
சீட்டு எடுத்தது, வளையல் வைத்தது,
ஜெசிந்தா மட்டும் எங்கே புரட்டினாள் என்று சொல்லவில்லை.
லைசென்ஸ் எனக்குத்தான் உண்டு.
அதனால் நான்தான் கார் தெரிந்தவள்.

வெள்ளை நிறம், சின்ன வண்டி,
பின்கதவைத் தூக்கினால் ரெண்டு கட்டைப்பை கொள்ளும்.
முப்பத்தெட்டாயிரம் கிலோமீட்டர் என்றது மீட்டர்.
பிரேக் பெடலின் ரப்பர் வேறு கணக்கு வைத்திருந்தது.
வரியெல்லாம் தேய்ந்து
துவைக்கிற கல் மாதிரி வழவழ.

டயர் பள்ளத்தில் ஒற்றை ரூபாயை நிறுத்திப் பார்த்தோம்.
சேசிஸ் நம்பரை மோகனவல்லி ஆர்.சி.யில் படிக்கப் படிக்க
நான் குனிந்து, எச்சில் தொட்டுத் துடைத்து, ஒத்துப் பார்த்தேன்.
ஆயில் மூடியின் உள்பக்கம்
பாலாடை போலப் படிந்திருந்தால் ஓடி வந்துடுங்க என்று
மெக்கானிக் தஸ்தகீர் போனில் சொல்லியிருந்தார்.
ஆடை இல்லை.
சித்தூர் பஸ் ஸ்டாண்ட் வரை ஒரு சுற்று.
ஸ்டியரிங்கை லேசாக விட்டால்
இடதுபக்கம் இழுத்தது. அது பரவாயில்லை.

தணிகாசலம் சார் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர்.
"ஒரே ஓனர். ஒரு கீறல் காட்டுங்க பாப்போம்."
கீறல் இல்லை, உண்மைதான்.

ஷகீரா கீறலைத் தேடவே இல்லை.
பதினோரு வருஷமாகத் தையல் செக்கிங்.
டிரைவர் சீட்டின் ஓரத்தை நகத்தால் நெருடிக்கொண்டே போனவள்
ஓரிடத்தில் நின்றாள்.
"இது பிரிச்சித் தெச்சது.
அந்தப் பக்கம் இஞ்சுக்கு அஞ்சு. இந்தப் பக்கம் ஏழு.
நூலும் புதுசு."

விரலை உள்ளே விட்டு விரித்துக் காட்டினாள்.
ஸ்பாஞ்சில் பழுப்பாக ஒரு கோடு,
டீ டம்ளர் விட்ட தடம்போல,
நேராக, சர்வேயர் போட்டது மாதிரி.
ஸ்டெப்னியைத் தூக்கினோம்.
அடியில் மணல்.
சலித்து வைத்தது போல.

பாலாற்றில் தண்ணீர் வந்த வருஷத்துக்கு
எங்கள் ஊரில் நம்பர் போடத் தேவையில்லை.
கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு
நாங்களும் போனோம் பாலத்துக்கு.
பூவும் மஞ்சளும் போட்டார்கள்.
பிள்ளைகளைத் தோளில் தூக்கி
இதுதாண்டா ஆறு என்று காட்டினார்கள்.
இன்னும் வரட்டும், இன்னும் வரட்டும் என்று
கத்தினவர்களில் நானும் ஒருத்தி.
அது அப்போதே
இவர் தெருவுக்குத் திரும்பியிருக்கிறது.

சாவியை இந்தக் கையிலிருந்து
அந்தக் கைக்கு மாற்றினார்.
"மூணு நாள் நின்னுச்சு. வீட்டுக்குள்ள இடுப்பளவு.
வண்டி யாருக்கு ஞாபகம்."
பிறகு, கொஞ்சம் கழித்து,
"முப்பது குறைச்சிக்கலாம்."

ஜெசிந்தா என் முழங்கையைக் கிள்ளினாள். வாங்கு என்று.
தள்ளிப் போய் தஸ்தகீருக்குப் போன் போட்டேன்.
"தண்ணி குடிச்ச வண்டிமா.
ஓடும். எங்க நிக்கும்னு அதுக்கே தெரியாது."
ராத்திரி பதினொன்றரைக்கு ஷிப்ட் முடியும்.
நாலு பொம்பளைங்க, ஆறுவழிச் சாலை.
முப்பதாயிரத்தை அந்த இருட்டில்
நிறுத்திப் பார்த்தேன். சரிவரவில்லை.

அவர் வீட்டம்மா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார்.
குடித்தோம். நால்வரும்.
சுவரில், மின்மீட்டருக்குக் கொஞ்சம் கீழே,
அதே பழுப்புக் கோடு.
வெள்ளையடித்தும் மேலே வந்திருந்தது.

ஷேர் ஆட்டோவில்
பணம் வைத்த டிபன் டப்பாவை மடியில் வைத்து
ஜெசிந்தா பேசாமல் வந்தாள்.
ஆற்காட்டில் ஒரு சிவப்பு வண்டி இருக்கிறதாம்.
"எத்தனை மணிக்கு வர்றதா சொல்லட்டும்?" என்றாள் மோகனவல்லி.

அஞ்சரைக்கு என்றேன்.
வெயில் தொடுவதற்கு முந்தி
நான் தொடணும்.